சொல் நம்முடையது, படகு யாருடையது?

ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஏதாவதொரு கருத்தரங்க மேடையிலிருந்து அந்த வாக்கியம் நம் காதில் விழுந்துவிடுகிறது. ‘உலகத்துக்குக் கட்டுமரம் தந்தவன் தமிழன், நம்பாதவர்கள் ஆங்கில அகராதியைத் திறந்து பாருங்கள்’ என்று பேச்சாளர் குரலை உயர்த்துவார். அரங்கம் கைதட்டும். நாமும் தட்டியிருக்கிறோம். அதைவிட வெட்கத்துக்குரியது, அதே வாக்கியத்தை வகுப்பறையில் நாமே பலமுறை சொல்லியிருக்கிறோம் என்பது. காரைக்காலில் தமிழ் கற்பித்துக்கொண்டு, மாலைக்காற்று வாங்கப் போவதற்கன்றி வேறெதற்கும் கடற்கரைக்குப் போகாமல், ஆண்டுக்கணக்கில் இதைச் சொல்லிவந்தோம்.

அப்படியொரு மாலையில், கிளிஞ்சல்மேட்டுக் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் நம் பெருமிதத்தைப் பகிர்ந்துகொண்டோம். கட்டுமரம் என்கிற சொல்லை வெள்ளைக்காரர்களும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள், தெரியுமா ஐயா என்றோம். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: “பேரு போயிருக்கு, சரி. மரம் எங்க சார் போச்சு?”

நமக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. சற்றுத் தள்ளி மணலில் வரிசையாக நின்றவை எல்லாம் கண்ணாடியிழைப் படகுகள். ஒவ்வொன்றின் பின்புறமும் ஒரு டீசல் எஞ்சின். அன்றிலிருந்து படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே வைக்கிறோம். நம் வாதம் சுருக்கமானது. படகின் சிக்கனம் அதன் எஞ்சினில் இல்லை, உடலின் வடிவத்தில் இருக்கிறது. அந்த வடிவத்தைப் பற்றிப் பேசும் பொறுப்பைத் தமிழ் படித்தவர்கள் ஒரு நாளும் ஏற்றதில்லை. சொல்லைக் கொண்டாடிய கையோடு பொருளை எஞ்சின் விற்பவரிடம் விட்டுவிட்டோம். அதன் விலையை இன்று கடலுக்குப் போகிறவன் லிட்டர் கணக்கில் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

*

முதலில் அந்தப் பெருமிதத்தின் கணக்கை முடித்துவிடுவோம்.

ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் மிதவைகளை அவற்றின் தமிழ்ப் பெயராலேயே குறித்தார். இதுவரை நம் பேச்சாளர்கள் சொல்வது சரி. ஆனால் இன்று அதே சொல்லால் உலகம் குறிப்பது என்ன? இரண்டு ஒடுங்கிய உடல்களைக் குறுக்குச் சட்டத்தால் இணைத்த படகை. 1876இல் அமெரிக்காவின் நத்தானியல் ஹெரெஷாஃப் ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டையுடல் பாய்ப்படகைக் கட்டி நியூயார்க் பந்தயத்தில் ஓட்டினார். அது மற்றவற்றை எளிதில் முந்தியது. பந்தயக்காரர்கள் அவ்வகைப் படகையே விலக்கி வைத்தார்கள். இன்றைய ‘கட்டமரான்’ அந்த மரபில் வந்தது. அதன் மூதாதை பசிபிக் தீவுகளின் இரட்டைத் தோணியே தவிர நம் கட்டுமரம் அன்று.

நம் கட்டுமரத்துக்கு இரண்டு உடல்களும் இல்லை. கறாராகச் சொன்னால் ஓர் உடலும் இல்லை. நீரை வெளியே நிறுத்தி உள்ளே வெற்றிடத்தைக் காப்பதுதான் படகின் உடல். கட்டுமரம் நீரை வெளியே நிறுத்துவதில்லை. கனம் குறைந்த மரக்கட்டைகளைச் செதுக்கி, நடுக்கட்டை தாழவும் ஓரக்கட்டைகள் உயரவும் அடுக்கி, முனைகளில் கயிற்றால் பிணைத்துவிட்டால் வேலை முடிந்தது. அலை மேலே ஏறினால் இடுக்குகள் வழியே இறங்கிப் போகும். மூழ்கடிப்பதற்கு உள்ளே ஒன்றுமில்லை. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியே தூக்கிச் சென்று வெயிலில் உலர்த்துவார்கள். துறைமுகமே இல்லாத, கரையோரம் எப்போதும் அலை உடைந்துகொண்டிருக்கிற ஒரு கடற்கரைக்கு இதைவிடப் பொருத்தமான விடையை வேறெவரும் கண்டுபிடிக்கவில்லை. சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராயிருந்த ஜேம்ஸ் ஹார்னல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920இல் தனி ஆய்வே எழுதினார். மணலில் மண்டியிட்டு அளந்து எழுதியவர் ஓர் ஆங்கிலேய அதிகாரி. நாம் சங்கப் பாடல்களில் அம்பி, திமில், பஃறி, வங்கம், நாவாய் என்று பெயர்களை எண்ணிக்கொண்டிருந்தோம். திமிலுக்கும் அம்பிக்கும் அடிப்பகுதி எப்படி வேறுபட்டது என்று ஒரு மாணவன் கேட்டால் நம்மில் யாரிடம் விடை இருக்கிறது?

*

இவ்வளவையும் சொல்லிவிட்டு, கட்டுமரத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று அழப்போவதில்லை. அந்த அழுகை கரையில் நிற்பவனுக்கு எளிது. கட்டுமரத்தில் போனவன் இடுப்புக்குக் கீழே நாள் முழுதும் ஈரத்தில் இருந்தான். ஐஸ் வைக்க இடமில்லை. அதிக மீன் கிடைத்தால் ஏற்ற இடமில்லை. நீரூறிய கட்டை கனத்தது. இடுக்குகளில் நீர் உரசி வேகத்தைத் தின்றது. மீனவர் அதைக் கைவிட்டதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. பழைய பொருளின் மேல் நமக்குள்ள பாசத்துக்காக அவர்கள் நனைந்துகொண்டே இருக்க வேண்டியதில்லை.

நாம் சொல்ல வருவது வேறு. கட்டுமரத்தையும் வள்ளத்தையும் தோணியையும் வடித்தவர்களிடம் ஒரு கட்டாயம் இருந்தது. மனித உடல் நீடித்துத் தரக்கூடிய திறன் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குதிரைத்திறன். நான்கு பேர் துடுப்புப் போட்டாலும் அரைக் குதிரைத்திறன் தேறாது. காற்று வந்தால் பாய்; வராவிட்டால் தோள். இவ்வளவு ஏழ்மையான விசையைக் கொண்டு போய்வர வேண்டுமென்றால் படகின் உடல் தவறு செய்ய முடியாது. ஒவ்வொரு விரற்கடை அகலமும், முன்முனையின் ஒவ்வொரு வளைவும் தோள்வலியில் சோதித்துப் பார்க்கப்பட்டது. பிசகிய வடிவத்தை மறுநாள் காலையிலேயே உடம்பு காட்டிக்கொடுத்தது.

எஞ்சின் வந்ததும் இந்தச் சோதனை நின்றுபோனது. பத்துக் குதிரைத்திறன் என்றால் நூறு ஆள் தோள். நூறு ஆள் தள்ளினால் பெட்டிகூட நகரும். வடிவம் தவறினாலும் படகு போகும், வலி எடுப்பதில்லை, எண்ணெய் மட்டும் தீரும். இது நம் கரையில் மட்டும் நடந்ததன்று. மேலைநாடுகளிலும் வலுக்குறைந்த எஞ்சின்கள் இருந்த காலத்துச் சிறு விசைப்படகுகள் நீண்டு ஒடுங்கி, கூரிய முன்முனையோடு, பின்னால் நீரைக் கலக்காமல் சென்றன. எஞ்சின் மலிந்து பெருத்தபோது படகின் உடல் அகன்று கனத்தது. இன்று எரிபொருள் விலைக்கும் புவி வெப்பத்துக்கும் அஞ்சி, அந்தப் பழைய பாணி உடலையே அலுமினியத் தகட்டில் மீண்டும் கட்டுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். தாத்தாவின் படகை ஏக்கத்தால் அவர்கள் கட்டவில்லை. தாத்தாவின் கணக்கு சரியென்று கண்டுகொண்டு கட்டுகிறார்கள்.

*

அந்தக் கணக்கு என்ன? இலக்கிய வாசகர்கள் இரண்டு பத்திகளுக்குப் பொறுத்தருள வேண்டும். யாப்பிலக்கணத்தைவிட இது கடினமன்று.

நீரில் செல்லும் படகு இரண்டு விதமாகத் தடுக்கப்படுகிறது. ஒன்று, உடலின் தோலில் நீர் உரசுவது. மற்றது, படகு தானே எழுப்பும் அலை. வேகம் கூடக்கூட இரண்டாவது தடை விரைந்து வளர்கிறது. முன்முனையில் ஓர் அலை எழும்; வேகம் கூடினால் அந்த அலை நீளும். ஒரு கட்டத்தில் அலையின் நீளமும் படகின் நீளமும் ஒன்றாகிவிடும். அதன்பின் படகு தன் அலையின் சரிவில் தானே ஏற முயல்கிறது. எவ்வளவு எண்ணெய் எரித்தாலும் பெரிய பயனில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சிறு மாதிரிப் படகுகளை நீர்த்தொட்டியில் இழுத்து இதை அளந்து காட்டினார். 1872இல் அதற்கென்றே டார்க்கியில் ஒரு தொட்டி கட்டினார். அந்த எல்லை வேகத்தைக் காணும் வாய்பாடு எளிது: நீர்மட்டத்தில் படகின் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.4ஆல் பெருக்கினால் வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். எட்டு மீட்டர் படகுக்கு ஏறத்தாழ 7 நாட். அதாவது மணிக்கு 13 கிலோமீட்டர்.

எல்லைக்குக் கீழேகூட, தேவைப்படும் திறன் வேகத்தின் முப்படியைப் போல் ஏறும். இதைக் கரைக்குக் கொண்டுவருவோம். பத்துக் கடல்மைல் தொலைவில் வலை போட்டுத் திரும்பும் படகு ஒன்று, பத்துக் குதிரைத்திறனையும் செலவிட்டு 7 நாட் வேகத்தில் போய்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறு டீசல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ கால் லிட்டர் குடிக்கும். போக வர 2 மணி 51 நிமிடம். செலவு 7 லிட்டருக்குச் சற்று மேல். அதே படகு 6 நாட் வேகத்தில் போனால் 3 மணி 20 நிமிடம், செலவு 5.25 லிட்டர். அரை மணி நேரம் விட்டுக்கொடுத்தால் கால் பங்குக்கு மேல் எண்ணெய் மிச்சம். ஆண்டுக்கு 200 நாள் கடலுக்குப் போகிற படகுக்கு அது 370 லிட்டருக்கு மேல்; வானில் கலக்காமல் தடுக்கப்படும் கரியமில வாயு ஏறத்தாழ ஒரு டன்.

இது வேகத்தைக் குறைப்பதால் மட்டும் வருவது. உடலின் வடிவம் திருந்தினால் வேகத்தை விட்டுக்கொடுக்காமலே இதே திசையில் போகலாம். ஒரே எடையுள்ள இரண்டு படகுகளில் நீண்டு ஒடுங்கியது எழுப்பும் அலை சிறிது. முன்முனை நீரைப் பிளக்க வேண்டும், முட்டக் கூடாது. பின்புறம் நீர்மட்டத்துக்கு மேலெழும்பி முடிய வேண்டும். தட்டையாக வெட்டிய பின்புறம் நீரில் அமிழ்ந்திருந்தால் அதன் பின்னே நீர் சுழித்துப் படகைப் பின்னிழுக்கும். நீரின்மேல் சறுக்கிப் பறக்கும் படகுகளுக்கு அந்தத் தட்டைப் பின்புறம் தேவைதான். ஆனால் அவை எடை குறைந்தவை, பெரும் எஞ்சின் பூட்டியவை. வலையும் ஐஸும் மீனும் நான்கைந்து ஆட்களும் ஏறிய படகு பத்துக் குதிரைத்திறனில் சறுக்கப்போவதில்லை. பறக்க முடியாத ஒன்றுக்குப் பறப்பதன் வாலை ஒட்டவைத்தால் அது நடக்கவும் சிரமப்படும்.

*

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இந்தக் கரையைத் துடைத்துப் போட்டது. மனித இழப்பைப் பற்றி இங்கே எழுத நம் பேனாவுக்குத் தகுதியில்லை. படகுகளைப் பற்றி மட்டும் சொல்கிறோம். உடைந்தவற்றுக்கு ஈடாகக் கண்ணாடியிழைப் படகுகள் பெருந்தொகையில் வந்து இறங்கின. அரசும் தொண்டு நிறுவனங்களும் கொடையாளர்களும் எண்ணிக்கையில் போட்டியிட்டன. படகு கட்டும் கூடங்கள் திடீரென முளைத்தன. தரத்தைப் பற்றி அப்போதே எச்சரித்தவர்கள் உண்டு. எத்தனை படகுகள் கொடுத்தோம் என்பது செய்தியானது. என்ன வடிவில் கொடுத்தோம் என்பது எங்கும் கேள்வியாகவில்லை.

கண்ணாடியிழைப் படகு அச்சில் வார்க்கப்படுவது. இதன் பொருளைத் தமிழ் படித்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாக உணர வேண்டும். கட்டுமரம் ஒவ்வொரு நாளும் அவிழ்த்துக் கட்டப்பட்டது; நேற்றுக் கண்ட குறையை இன்று ஒரு கட்டையை மாற்றித் திருத்தலாம். மரப்படகைத் தச்சர் ஒவ்வொன்றாகச் செய்தார். முந்தைய படகின் மேல் ஓட்டியவன் சொன்ன குறை அடுத்த படகின் வளைவில் திருத்தமாகியது. ஏட்டுச்சுவடிபோல ஒவ்வொரு பிரதியும் ஒரு பாடபேதம். அச்சில் அப்படியன்று. அச்சு நன்றாக இருந்தால் நூறு படகும் நன்றாக இருக்கும். அச்சில் பிழை இருந்தால் நூறு படகிலும் அதே அச்சுப்பிழை. கரையில் கிடந்த ஏதோவொரு படகின் மேல் இழையைப் பூசி அச்செடுத்துவிட்டால், அதன் கோணல்களும் சேர்ந்து பதிப்பாகிவிடும். ஓர் எழுத்துப் பிழைக்காக உ.வே.சா. ஊர் ஊராக அலைந்த கதையை நெகிழ்ந்து சொல்லும் நாம், கடற்கரையில் இத்தனை பிரதிகள் பிழையோடு அச்சாகியிருக்கக்கூடும் என்ற எண்ணமே இல்லாமல் இருந்துவிட்டோம்.

இங்குதான் அலுமினியத்தின் பேச்சுக்கு ஒரு பொருள் உண்டு. எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உள்ள உலோகம் அது. தகட்டை வெட்டி வளைத்துப் பற்றவைப்பதால் அச்சு வேண்டியதில்லை. ஒவ்வொரு படகையும் முந்தையதைவிடத் திருத்திக் கட்டலாம். கடல்நீரைத் தாங்க மக்னீசியம் கலந்த உலோகக் கலவை வேண்டும். செம்பு கலந்த வண்ணம் பூசினால் அரித்துவிடும். பற்றவைக்க ஆர்கான் வாயுவும் பயிற்சி பெற்ற கையும் வேண்டும். அது நம் கரைக்கு ஏற்றதா, விலை கட்டுமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் மீனவரும் பொறியாளருமே. கண்ணாடியிழையைத் தூற்றுவதும் நம் நோக்கமன்று. நல்ல அச்சில் வார்த்தால் அது நல்ல படகுதான். பொருளை மாற்றுவதற்கு முன் வடிவத்தைக் கேள் என்பதொன்றே நாம் சொல்வது. மரத்திலிருந்து இழைக்கும், இழையிலிருந்து உலோகத்துக்கும் தாவிக்கொண்டே வடிவத்தை மறந்திருந்தால், யாப்பறியாதவன் மைக்கூட்டை மாற்றிய கதையாக முடியும்.

*

இதெல்லாம் புதிய ஞானமா? இல்லை. நம் வீட்டு வாசலில் நாற்பது ஆண்டுகளாகக் கிடந்த ஞானம்.

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு சுவீடனின் நிதியுதவியோடு 1979இல் வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியபோது அதன் தலைமையகம் சென்னையிலேயே அமைந்தது. அலை உடையும் திறந்த கரையில் இறங்கி ஏறக்கூடிய எஞ்சின் படகு வேண்டும் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட சிக்கல்களுள் ஒன்று. தட்டை அடி வேண்டும், ஆனால் நீரைப் பிளக்கவும் வேண்டும்; எஞ்சின் வேண்டும், ஆனால் மணலில் விசிறி தட்டக் கூடாது. எஞ்சினோடு விசிறித் தண்டையும் சாய்த்துத் தூக்கும் அமைப்பை அவர்கள் செய்து பார்த்தார்கள். அங்கு பணியாற்றிய நார்வே நாட்டுப் படகு வடிவமைப்பாளர் ஓய்விண்ட் குல்பிராண்ட்சன், சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது எப்படி என்று 1986இலேயே அறிக்கை எழுதினார். அதே பொருளில் விரிவான கையேடு ஒன்றை 2012இல் வெளியிட்டார். கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகளை மீனவரோடு இருந்து உருவாக்கிய பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜில்லே, 1985இல் அந்த அனுபவத்தை நூலாக்கினார். ‘சிறியது அழகு’ என்ற ஷூமாக்கரின் புகழ்பெற்ற தலைப்பைத் திருப்பி, ‘சிறியது கடினம்’ என்று பெயரிட்டார்.

ஷூமாக்கரைப் பற்றிச் சிற்றிதழ்களில் நாம் எவ்வளவு எழுதியிருக்கிறோம்! முட்டத்தில் செய்து பார்த்தவரின் பெயரை எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

நம் புனைகதை கடலுக்குப் போகவில்லை என்று சொல்ல முடியாது. 1977இல் வந்த வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ வல்லத்துக்கும் லாஞ்சுக்கும் இடையில் மூளும் பகையை நடுவில் வைத்தது. 2004இல் வந்த ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ கட்டுமரத்தில் போகிறவர்களின் மொழியை அவர்கள் வாயாலேயே பேசியது. தவறு நாவலாசிரியர்களுடையதன்று, திறனாய்ந்த நம்முடையது. வல்லமும் லாஞ்சும் என்றால் ‘மரபும் நவீனமும்’ என்று தலைப்பிட்டு முடித்துக்கொண்டோம். இரண்டு படகு வடிவங்கள், இரண்டு எரிபொருள் கணக்குகள், இரண்டு பங்குமுறைகள் அங்கே மோதுகின்றன என்று வாசிக்க நமக்குத் தெரியவில்லை. படகு என்றதும் பிறவிக்கடலையும் திருவடித் தோணியையும் தேடும் பழக்கம் நம்மை விடவில்லை. காரைக்காலிலேயே பாருங்கள்: மாங்கனித் திருவிழாவை ஊரே கொண்டாடுகிறது. மாங்கனி கதைக்கு அடுத்து, பரமதத்தன் கலமேறி வாணிகம் செய்யப் போகிறானே, அந்தக் கலம் எப்படிப்பட்டதென்று ஒரு பட்டிமன்றத்திலும் கேள்வி எழுந்ததில்லை.

*

எதிர்வாதங்கள் நமக்குத் தெரியும். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

‘மீனவனுக்குத் தெரியாததையா தமிழாசிரியர் சொல்லப்போகிறார்?’ இல்லை. நமக்குத் தெரிந்ததைவிட அவர்களுக்கு ஆயிரம் மடங்கு தெரியும். ஆனால் அச்சில் வந்த படகின் வளைவை மாற்றும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. விற்பவர் தரும் வடிவத்தை வாங்கி எஞ்சினைக் கூட்டி ஈடுகட்டுவதே அவர்களுக்கு விடப்பட்ட வழி. அறிவு கரையில் இருக்கிறது. அளவெடுத்து எழுதி, அந்த அறிவைக் கூடத்துக்குக் கொண்டுசெல்லும் மொழி அதன் கையில் இல்லை. மொழி நம் தொழில்.

‘வேகமாக வருகிறவனுக்குத்தானே ஏலத்தில் விலை?’ இது வலுவான வாதம். முதலில் கரை சேரும் மீனுக்கு நல்ல விலை என்பது உண்மை. ஆனால் அந்தப் போட்டியில் முக்கியம் யார் முந்துகிறார் என்பதே. எல்லாரும் ஒரு நாட் குறைத்தால் வரிசை மாறாது. இந்தக் கரையின் ஊர்ப் பஞ்சாயத்துகள் எந்த வலையை எங்கே போடலாம், போடக் கூடாது என்று தலைமுறைகளாக விதித்துவந்தவை. அவற்றின் முன் கணக்கை வைத்தால் அவை புரிந்துகொள்ளும் என்று நம்புகிறோம். கணக்கு இதுவரை அவற்றின் முன் தமிழில் வைக்கப்பட்டதா?

‘காற்றடிக்கும்போது உயிர் காப்பது பெரிய எஞ்சின்தானே?’ ஆம், கைவசம் விசை வேண்டும். ஆனால் கைவசம் இருப்பது வேறு, நாள்தோறும் முழுக்கத் திருகுவது வேறு. நல்ல உடல் அதே எஞ்சினில் விரைந்து கரை சேரும். ஒரே எண்ணெயில் நெடுந்தொலைவு வரும். புயல் நாளில் உயிரைக் காப்பதும் அதுவே.

‘டீசலுக்குத்தான் அரசு சலுகை தருகிறதே?’ தருகிறது, தரட்டும். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்ட பின் அது தேவையும்கூட. ஆனால் சலுகை எரிகிற எண்ணெய்க்கு மட்டும் கிடைத்து, எண்ணெயை எரிக்காத வடிவத்துக்குக் கிடைக்காவிட்டால், பொதுப்பணம் மோசமான உடலுக்குத் தீனி போடுகிறது என்றே பொருள். இதில் நம்மை உறுத்துவது ஒன்று. பிடித்த மீன் விற்ற பணத்தில் எண்ணெய்ச் செலவைக் கழித்த பின்னரே பங்கு பிரிக்கிறார்கள். படகின் உடல் வீணாக்கும் ஒவ்வொரு லிட்டரும் உரிமையாளரின் பையிலிருந்து மட்டும் போவதில்லை; வெறும் கையோடு படகேறிய பங்காளின் கூலியிலிருந்தும் போகிறது. வடிவம் இங்கே அழகியல் பிரச்சினையன்று, கூலிப் பிரச்சினை.

*

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு நம்மிடம் பெரிய திட்டமில்லை. சிறிய வேலைகள் உண்டு.

மண்டபத்தூர், காளிக்குப்பம், அக்கம்பேட்டை, கோட்டுச்சேரிமேடு, காசாக்குடிமேடு, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, கருக்களாச்சேரி, பட்டினச்சேரி, வடக்கு வாஞ்சூர் என்று ஏறத்தாழ 20 கிலோமீட்டர் கரையில் வரிசையாக ஊர்கள். ஊருக்கு ஐந்து படகுகளின் நீளம், அகலம், அமிழும் ஆழம், எடை, ஒரு நடைக்கு எரியும் எண்ணெய் ஆகியவற்றைக் குறிக்க ஒரு பருவம் போதும். அதை நம் முதுகலைத் தமிழ் மாணவர்களே செய்யலாம். வட்டார வழக்கு சேகரிப்பு என்று ஆண்டுதோறும் பழமொழிகளையும் தாலாட்டுகளையும் தொகுக்க அனுப்புகிறோமே, அதே மாணவர்கள். முன்முனைக்கு அணியம், அடிமரத்துக்கு ஏரா, விலாச்சட்டத்துக்கு வங்கு என்று அகராதியில் சொற்கள் தூங்குகின்றன. இந்தக் கரையில் அவற்றுக்கு இன்று வழங்கும் பெயர்கள் எவை என்பதையும் அவர்கள் கேட்டுவரட்டும். காரைக்காலில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது, சென்னை ஐ.ஐ.டி.யின் கடற்பொறியியல் துறையில் மாதிரிப் படகை இழுத்துப் பார்க்கும் தொட்டி இருக்கிறது. அளவுகள் கையில் இருந்தால் அவர்கள் வாசலைத் தட்டலாம். வெறும் பெருமிதத்தோடு போனால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

முடியாத காரியமன்று என்பதற்கு அண்டை மாநிலமே சான்று. கேரளத்தின் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 சனவரியிலிருந்து ‘ஆதித்யா’ என்ற சூரிய மின்படகு ஓடுகிறது. 75 பேர் ஏறலாம். சூரியத் தகடு தரும் விசை சொற்பம். ஆகவே அதை வடித்தவர்கள் மறுபடியும் துடுப்புக்காரனின் கட்டாயத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. எடையைக் குறைத்தார்கள், நீரை எளிதில் பிளக்கும் ஒடுங்கிய உடல்களை அமைத்தார்கள். அந்த உடல்கள் இரண்டு. ஆம், அது ஒரு ‘கட்டமரான்’. நம் கரையிலிருந்து புறப்பட்ட சொல் உலகைச் சுற்றி வேறொரு பொருளை ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பொருளைப் பற்றிச் சிந்தித்தவர்களிடம் அது போய்ச் சேர்ந்ததில் நாம் வருந்த எதுவுமில்லை.

அடுத்த கருத்தரங்கில் யாரேனும் அந்த வாக்கியத்தைச் சொன்னால் நாம் கைதட்டப்போவதில்லை. எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்கப்போகிறோம்: கடைசியாக எப்போது ஒரு படகின் அடிப்புறத்தைக் குனிந்து பார்த்தீர்கள்? அந்தக் கேள்வியை முதலில் நம்மிடமே கேட்டுக்கொண்டோம். வரும் பருவத்தில் மாணவர் சிலரோடும் ஓர் அளவு நாடாவோடும் கிளிஞ்சல்மேட்டுக்குப் போகிறோம். வலை பிரித்துக்கொண்டிருந்த அந்த முதியவர் அங்கே இருந்தால், மரம் எங்கே போயிற்று என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்வோம்.